வெளிநாட்டு வேலைக்குப் பயணம் போக யாரிடம் பணம் கட்டலாம்? டெல்டாவில் உள்ள ஐந்து வழிகளும் ஒரு கணக்கும்

மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ கும்பகோணத்திலோ பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போனால் போதும். ஏதாவது ஒரு மாடிப்படியோரம் 'குவைத், துபாய், சிங்கப்பூர்: உடனடி ஆட்கள் தேவை' என்ற பிளெக்ஸ் கண்ணில் படும். மிக்சி வாங்க நாலு கடை ஏறி இறங்கி, வாரண்டி கார்டில் சீல் விழுந்ததா என்று பார்க்கிற குடும்பம், ஒன்றரை லட்சத்தை அந்த மாடியறையில் ரசீது கேட்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு இறங்குகிறது. 'தெரிஞ்ச தம்பிதான், பக்கத்து ஊரு' என்பதுதான் அதற்கு வாரண்டி.

மற்ற சேவைகளைப் போல இதையும் நிறுத்துப் பார்க்கலாம். டெல்டாக்காரர் வெளிநாட்டு வேலைக்குப் போக இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன: ஊர் ஏஜென்ட், பதிவு பெற்ற முகவர், தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம், சிங்கப்பூர் டெஸ்ட் சென்டர், சொந்தக்காரர் அனுப்பும் விசா. அவற்றுக்குள் போகும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். போகலாமா வேண்டாமா என்று வீட்டில் நடக்கும் பேச்சு எல்லாம் சம்பளத்தைச் சுற்றியே போகிறது. பார்க்க வேண்டியது, கட்டிய பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பதை.

சவூதியில் ஹெல்பர் வேலை, மாதம் 1,200 ரியால், தங்குமிடம் கம்பெனியுடையது, சாப்பாடு சொந்தச் செலவு என்று வைத்துக்கொள்வோம். ரியாலுக்கு 22 ரூபாய் என்று குறைத்தே போடுவோம். சாப்பாட்டுக்கு 300, போன் ரீசார்ஜ், சோப்பு, முடிவெட்டு என்று 100 போனால் மிச்சம் 800 ரியால், அதாவது 17,600 ரூபாய். வீட்டுச் செலவுக்கு மாதம் 8,000 அனுப்பினால் கடனுக்கு மிஞ்சுவது 9,600.

ஏஜென்ட்டுக்குக் கொடுத்தது 1,20,000. மூணு வட்டிக்கு வாங்கியது, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். பணம் கட்டிய பிறகு மெடிக்கல், விசா ஸ்டாம்பிங், டிக்கெட் என்று இரண்டு மாதம் ஓடும். அங்கே இறங்கி, இக்காமா (அந்நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டை) அடித்து, பேங்க் கணக்குத் திறந்து, முதல் சம்பளம் கைக்கு வர இன்னும் இரண்டு மாதம். இந்த நாலு மாத வட்டி மட்டும் 14,400. முதல் பணம் அனுப்புகிற அன்று கடன் 1,34,400 ஆகி நிற்கும். அதன் பிறகு மாதம் 9,600 வீதம் அடைத்தால் தீரப் பதினெட்டு மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஒப்பந்தமோ இரண்டு வருஷம். ஊர் திரும்ப மூன்றரை மாதம் இருக்கும்போதுதான் சொந்தமாக முதல் ரூபாய் சேரும்.

இதே வேலைக்கு, சட்டம் அனுமதிக்கும் கட்டணமும் மற்ற செலவும் சேர்த்து 50,000-இல் போயிருந்தால்? அதே மூணு வட்டி, அதே நாலு மாதத் தாமதம், அதே 9,600. கடன் ஆறரை மாதத்தில் தீர்கிறது. முதலாளி அதே ஆள்தான், கேம்ப்பும் கட்டிலும் அதேதான். நடுவில் போனது ஒரு வருஷ உழைப்பு. 1,20,000-ஐயே கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து நூற்றுக்கு ஒரு வட்டியில் எடுத்திருந்தாலும் பதினாலு மாதத்தில் முடிந்திருக்கும். ஆக, ஏஜென்ட் கேட்கும் தொகை ஒரு பக்கம் என்றால் அதை எங்கே புரட்டுகிறோம் என்பது இன்னொரு பக்கம்.

நிலத்தைப் போக்கியத்துக்கு விட்டுப் பணம் வாங்கினால் வட்டி இல்லையே என்பார்கள். வட்டிக்குப் பதில் குறுவையும் சம்பாவும் போகின்றன. மூன்று மா நிலம் என்றால் ஏறத்தாழ ஓர் ஏக்கர். அதில் விளைந்து வீட்டுக் குதிருக்கு வந்த நெல் நின்றால் அரிசியைக் கடையில் வாங்க வேண்டும். அந்தச் செலவு மேலே போட்ட 8,000-க்குள் அடங்காது. போக்கியக் காலம் மூன்று வருஷம், ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்று எழுதிவிட்டு, ஆள் திரும்பி வந்தும் சொந்த வயலில் இறங்க முடியாமல் நிற்பதும் உண்டு. போக்கியப் பத்திரம் எழுதுவதானால் இடையில் பணம் கட்டி மீட்கலாம் என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

உள்ளூர்க் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளைக்கு 900 ரூபாய் வீதம் மாதம் இருபது நாள் வேலை கிடைக்கிற கொத்தனாருக்கு ஊரிலேயே 18,000 வருகிறது, சாப்பாடு வீட்டில். அவர் 1,200 ரியால் ஹெல்பர் வேலைக்குப் போவது நஷ்டம். வெல்டர், ஏ.சி. மெக்கானிக், கனரக வண்டி டிரைவர், நர்ஸ் ஆகியோருக்குக் கணக்கு வேறு. கைத்தொழில் உள்ளவர் அந்தத் தொழிலின் பெயரிலேயே விசா வாங்கிப் போனால் தேறும். ஒரு அளவுகோல் வேண்டுமானால்: ஒப்பந்தக் காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் கடன் தீராது என்றால் அந்த ஆஃபரை விட்டுவிடலாம்.

ஊர் ஏஜென்ட்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போடுவதில் தொடங்கி, மெடிக்கலுக்குத் திருச்சிக்குக் கூட்டிப் போவது, ஆங்கிலப் படிவங்களை நிரப்புவது, கடைசியில் விமான நிலைய வாசல் வரை வேன் பிடித்து வருவது என்று எல்லாம் செய்வார். இரவு பதினொரு மணிக்கும் போன் எடுப்பார். இந்தக் கைத்தாங்கலை வேறு எவரும் தருவதில்லை. அதற்காக அவருக்கு ஒரு கூலி கொடுப்பதில் தப்பில்லை.

சிக்கல் அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கப் பதிவுச் சான்று வேண்டும். அந்தச் சான்று இல்லாத சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் உங்கள் பாஸ்போர்ட்டைச் சென்னையிலோ மும்பையிலோ ஓர் ஆபீஸுக்கு அனுப்புகிறார். அந்த ஆபீஸ் இன்னொரு ஆபீஸுக்கு அனுப்பலாம். ஒவ்வொரு படியிலும் கமிஷன் ஏறுகிறது. முதலாளி யார், கம்பெனி எப்படிப்பட்டது என்று கீழ்ப்படியில் இருக்கிறவருக்கே தெரியாது. அவருடைய வரும்படி, ஆளை 'ஏத்திவிட்ட' நாளோடு முடிகிறது. அங்கே போய் வேலை மாறினாலும் சம்பளம் குறைந்தாலும் அவர் சட்டப்படி எதற்கும் பொறுப்பாளி இல்லை, ஏனென்றால் எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் கிடையாது. இந்தச் சட்டத்தின் தண்டனையும் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு வருஷம் வரை சிறை, அபராதம் அதிகபட்சம் 2,000 ரூபாய். 1983-இல் வைத்த அபராதம். இன்று அவர் ஒரு ஆளிடம் வாங்குவதில் அது ஒரு நாள் டீச் செலவு.

ஆகவே பணத்துக்கு முன்னால் காகிதம் வர வேண்டும். கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, அவர் யாருக்காக ஆள் எடுக்கிறாரோ அந்த முகவரின் பதிவுச் சான்று எண், அதாவது ஆர்.சி. நம்பர். இரண்டாவது, வெளிநாட்டு முதலாளி அந்த முகவருக்குக் கொடுத்த டிமாண்ட் லெட்டர்: என்ன வேலை, எத்தனை பேர், என்ன சம்பளம் என்று அதில் இருக்கும். மூன்றாவது, உங்கள் பெயருக்கான வேலை ஒப்பந்தம். நான்காவது, உங்கள் பாஸ்போர்ட் எண் போட்ட விசா நகல். அதில் உள்ள தொழிலின் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாயும் அட்வான்ஸ் வேண்டாம். நாலாவது வராமல் முழுத்தொகை வேண்டாம். கொடுப்பது எதுவானாலும் பேங்க் கணக்கு வழியாகவோ யுபிஐ வழியாகவோ போகட்டும். 'கேஷாத்தான் வேணும், கணக்குல போட்டா டாக்ஸ் பிரச்சினை' என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

பாஸ்போர்ட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது அவர்களுடைய பிடி. வேண்டாம் என்று பின்வாங்கினால் 'இருபதாயிரம் செலவாயிருக்கு, கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க' என்பார்கள். பாஸ்போர்ட் மத்திய அரசின் சொத்து. அதைப் பிணையாக வைக்க எவருக்கும் உரிமை கிடையாது. நகல் மட்டும் கொடுங்கள். ஸ்டாம்பிங்குக்கு அசல் தேவைப்படும்போது, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

'இப்போதைக்கு விசிட் விசால போங்க, அங்க போய் மாத்திக்கலாம்' என்ற வசனம் வந்தால் அதோடு பேச்சை முடித்துவிடலாம். விசிட் விசாவில் வேலை செய்வது அந்த நாட்டில் குற்றம். மாட்டினால் தண்டனை வேலை செய்தவருக்கும்தான். இந்தியப் பக்கம் உங்கள் ஒப்பந்தம் எங்கும் பதிவாகியிருக்காது, காப்பீடும் இருக்காது. தூதரகத்தில் போய் நின்றால் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

பதிவு பெற்ற முகவர்

மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர் பட்டியல் இருக்கிறது. பதிவில்லாமல் ஆள் எடுப்பதாகப் புகார் வந்தவர்களின் பட்டியலும் அங்கேயே தனியாக இருக்கிறது. ஆர்.சி. நம்பரைப் போர்டில் பார்த்தது மட்டும் போதாது. அடுத்தவர் நம்பரை அச்சடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. தளத்தில் அந்த நம்பரைப் போட்டு மூன்றை ஒத்துப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. பதிவு ஐந்து வருஷத்துக்குத்தான். முகவரி சென்னை என்று இருந்து, நீங்கள் உட்கார்ந்திருப்பது தஞ்சாவூர் மாடியறை என்றால், அந்தக் கிளைக்கு அனுமதி உண்டா என்று தளத்தில் உள்ள போன் நம்பருக்கே அடித்துக் கேளுங்கள். விசிட்டிங் கார்டில் உள்ள நம்பருக்கு அடித்தால் விசிட்டிங் கார்டு கொடுத்தவர்தான் எடுப்பார்.

முகவர் வேலைக்காரரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 35,400. ரசீது கட்டாயம். நடைமுறையில் இந்தத் தொகைக்கு மட்டும் ரசீது போட்டுவிட்டு மீதியைக் கையில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு. பெரிய அளவில் ஆள் எடுக்கும் முகவர் 50 லட்ச ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் வைத்திருக்க வேண்டும். புகார் போனால் பதிவை நிறுத்திவைப்பார்கள். இழப்பதற்கு ஏதாவது வைத்திருக்கிறவரிடம்தான் பேரம் பேச முடியும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட் வரும். (நாகப்பட்டினம் போகிற ரோட்டுக்கும் அதே பெயர்தான், குழம்ப வேண்டாம்.) வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியா, ஜோர்டான், ஈராக், லெபனான், தாய்லாந்து போன்றவையும் சேர்ந்து மொத்தம் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஈசிஆர் என்றால் இழுக்கு என்று நினைத்து, போலி மார்க்‌ஷீட் வைத்து மாற்றப் பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே குழி வெட்டிக்கொள்கிறார்கள். இந்த அனுமதி வழியாகப் போகும்போதுதான் ஒப்பந்தம் இமைக்ரேட்டில் பதிவாகிறது, பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் கட்டாயமாகிறது. விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனம் என்றால் 10 லட்சம். பிரீமியம் இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. டீக்கடைப் பாக்கி அளவுத் தொகை. இதை மிச்சம் பிடிக்கும் ஏஜென்ட்டை என்ன சொல்வது? பத்தாவது தேறியவர்கள் மறக்கக் கூடாதது வேறு: விண்ணப்பத்தோடு மார்க்‌ஷீட்டை வைக்காவிட்டால் அவர்களுக்கும் ஈசிஆர் பாஸ்போர்ட்டே வந்து சேரும்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். '1,500 ரியால்' என்று வாயால் சொல்வார்கள். காகிதத்தில் அடிப்படை 1,000, சாப்பாடு 300, இதர படி 200 என்று பிரிந்திருக்கும். யுஏஇ-யில் வேலை முடிந்து கிளம்பும்போது தரும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். ஓ.டி.யும் (கூடுதல் நேர வேலைக்கான சம்பளம்) அடிப்படையை வைத்துத்தான் போடுவார்கள். அடிப்படை சிறுத்தால் எல்லாம் சிறுக்கும். கத்தாரில் 2021 முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி தராவிட்டால் தங்குமிடத்துக்கு 500, சாப்பாட்டுக்கு 300 கூடத் தர வேண்டும். யுஏஇ வேலைக்கு அந்நாட்டு அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் படிவம் தமிழிலும் உண்டு. 'இங்கிலீஷ்லதான் வரும்' என்பவரிடம் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள்.

அரசு நிறுவனம்

தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978-இல் தொடங்கியது, ஆபீஸ் சென்னை கிண்டியில். கட்டணம் அதே 35,400, ரசீது உண்டு, காட்டும் வேலை இருக்கும், சொல்லும் சம்பளம் இருக்கும். நேர்மைக்கு முழு மார்க். வேகத்துக்குப் பாதி கூடத் தர முடியாது. நர்ஸ், டெக்னீசியன், டிரைவர் என்று குறிப்பிட்ட வேலைகளுக்கு, முதலாளிகள் கேட்கும்போதுதான் அறிவிப்பு வரும். பத்தாவது கூடத் தேறாத, கைத்தொழில் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இங்கே வாய்ப்பு குறைவு. வேதாரண்யத்திலிருந்து கிண்டிக்கு இரண்டு முறை போய் வருகிற செலவும் அலைச்சலும் ஊர் ஏஜென்ட்டின் கைகளை வலுப்படுத்துகின்றன. ஆனால் நர்ஸிங் முடித்த பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் வேறு எங்கும் போகும் முன் இந்தக் கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும். தளத்தில் பதிவு செய்துவிட்டு, ஊரிலேயே வேலையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கத் தெரிந்தவருக்கு ஐந்தில் இதுவே நல்ல வழி.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு விதி இன்னும் இறுக்கம். ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆள் எடுப்பதும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான். தனியார் ஏஜென்ட் ஒருவர் துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ விசிட் விசா எடுத்து, அங்கிருந்து குவைத் வீட்டுக்கு மாற்றுகிறேன் என்றால் அது இந்த விதியைத் தாண்டும் குறுக்குவழி. அந்தப் பெண்ணைத் தேட நேர்ந்தால் எந்த நாட்டில் தேடுவது என்பதே தெரியாது.

சிங்கப்பூர் டெஸ்ட் சென்டர்

தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சிங்கப்பூர் என்றாலே தனி மரியாதை. கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்லியே பழகிவிட்டது. கட்டுமான வேலைக்குப் போக அந்நாட்டுக் கட்டுமானத் துறை ஆணையமான பிசிஏ அங்கீகரித்த மையத்தில் திறன் தேர்வு தேறியிருக்க வேண்டும்: கம்பி கட்டுவது, பலகை அடிப்பது, பிளம்பிங், பெயின்டிங், வயரிங், வெல்டிங் இப்படி ஏதாவது ஒன்று. சென்டர்கள் பயிற்சி, தங்குமிடம், தேர்வு என்று ஒரே மூட்டையாகக் கட்டணம் சொல்லி, 'வேலையும் வாங்கித் தருவோம்' என்று முடிப்பார்கள். இந்த மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஒரு ரசீது, வேலைக்கு வேறொன்று. தேர்வில் தேறுவதும் வேலை கிடைப்பதும் இரண்டு தனிக் காரியங்கள். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு: கம்பெனிகள் எத்தனை வெளிநாட்டு ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்பதற்குச் சிங்கப்பூரில் வரம்பு இருக்கிறது. கட்டுமானத்தில் அது 2024-இல் ஓர் உள்ளூர் ஆளுக்கு ஏழு என்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. இந்த விஷயத்தைச் சென்டர்கள் சொல்வதில்லை.

வேலை உறுதியானால் ஐபிஏ கடிதம், அதாவது வொர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் வரும். அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தம், ஏஜென்சிக் கட்டணம், தங்குமிடம் எல்லாம் அதில் இருக்கும். கிளம்பும் முன் உங்களுக்குப் புரிகிற மொழியில் அது கைக்கு வந்திருக்க வேண்டும். ஐபிஏவில் ஏஜென்சிக் கட்டணத்துக்கு எதிரே போட்ட தொகையையும் நீங்கள் இங்கே கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிங்கப்பூர் ஏஜென்சி ஒரு வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே ஆளிடம் வாங்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் மன்னார்குடியில் கைமாறிய லட்சங்கள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. திருப்பிக் கேட்க அங்கே ஆள் இல்லை. லெவி என்பது முதலாளி அரசுக்குக் கட்டும் வரி. அதை உங்கள் சம்பளத்தில் பிடித்தாலும், வேலை தருவதற்கென்று முதலாளி உங்களிடம் பணம் கேட்டாலும் அங்கே அது குற்றம்.

சம்பளத்தைச் சொல்லும்போது ஓ.டி.யைச் சேர்த்தே சொல்வார்கள். நாளைக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 26 நாள் என்றால் அடிப்படை 520 வெள்ளி. ஓ.டி. மணிக்கு ஒன்றரை மடங்கு. வாரம் 44 மணி நேரக் கணக்கில் ஒரு மணிக்கு ஏறத்தாழ 4 வெள்ளி 9 காசு. மாதத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் 72 மணி முழுதும் கிடைத்தால் 294 வெள்ளி. 'எண்ணூறு வெள்ளி சம்பளம்' என்பது இந்த இரண்டின் கூட்டு. மழை, பிராஜெக்ட் முடிவு, வேலை மந்தம் எது வந்தாலும் முதலில் அறுவது ஓ.டி. கடன் கணக்கை 520-இல் போட்டுப் பாருங்கள். அதில் தாங்கினால் போகலாம்.

இறங்கியதும் அங்கே மெடிக்கல் உண்டு. தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இங்கே கட்டியது கட்டியதுதான். வளைகுடாவுக்கு மெடிக்கல் இங்கேயே நடக்கும். அதற்குப் பதியும் ஏற்பாட்டைக் காம்கா என்று இன்னும் சொல்கிறோம், இப்போது அதன் பெயர் வாஃபித். மையத்தைத் தளமே ஒதுக்கும். அங்கே 'அன்ஃபிட்' விழுந்தால் ஆறு நாடுகளுக்கும் தெரிந்துவிடும். பழைய காசநோயின் தழும்பு மார்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலே போதும். ஆகவே எந்த நாடானாலும், எவருக்கும் பணம் கட்டும் முன், ஊர் லேபில் சொந்தச் செலவில் மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை, மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி. பார்த்துவிடுங்கள். இதைவிட மலிவான காப்பீடு வேறில்லை.

சொந்தக்காரர் விசா

மாமனோ மச்சானோ அங்கே இருந்து அதே கம்பெனியில் இடம் பிடித்துக் கொடுத்தால் இதற்கு மேல் வேறு வழி வேண்டாம். முதலாளியைத் தெரியும், கேம்ப்பைத் தெரியும், சம்பளம் நாள் தவறாமல் வருகிறதா என்றும் தெரியும். சிக்கல் 'ஃப்ரீ விசா' என்று சொல்லி அனுப்புவதில். ஃப்ரீ என்ற பேரில் ஒன்று கிடையாது. கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்நாட்டுக்காரர், விசாவை விற்கிறார். போனவர் வெளியே வேலை தேடிக்கொண்டு அவருக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறார். சவூதியில் வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்குக் கம்பெனிகள் கட்ட வேண்டிய லெவி 2018-இல் மாதம் 400 ரியாலில் தொடங்கி 2020-இல் 800 வரை ஏறியது. கம்பெனி விசாவில் போய் வெளியே வேலை பார்த்தால் அந்தச் சுமை போனவர் தலையில் விழும். அதைத் தவிர்க்கத்தான் இப்போது ஹவுஸ் டிரைவர், வீட்டு வேலை விசாக்களாக வருகின்றன. அந்த விசாவில் கடையிலோ கட்டடத்திலோ வேலை செய்தால் சோதனையில் பிடித்து ஊருக்கு அனுப்புவார்கள். கஃபீலோடு மனஸ்தாபம் வந்தால் 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனவர் என்று பதிவு செய்துவிடுவார். அதன் பிறகு இக்காமா செத்த காகிதம். குவைத்தில் 18-ஆம் நம்பர் விசா கம்பெனிக்கு, 20-ஆம் நம்பர் வீட்டு வேலைக்கு. 20-இல் போய் 18-க்கு மாறிக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னால், அவர் மாறிய வருஷம் எது என்று கேளுங்கள். இந்த விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன. சபுராளிகள், அதாவது வெளிநாடு போய் வந்தவர்கள், சொல்லும் பழைய அனுபவம் இன்றைய விதிக்குச் சான்றாகாது.

சொந்தக்காரரிடம் காகிதம் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்குவார்கள். 'விசாவில் என்ன தொழில் போட்டிருக்கு மாமா, நகல் அனுப்புங்க' என்று கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த ஐந்திலும் சேராத ஆறாவது ஒன்று போனில் வரும். தாய்லாந்து, கம்போடியா, லாவோஸில் 'டேட்டா என்ட்ரி' வேலை, கட்டணமே இல்லை, டிக்கெட்டும் அவர்களே எடுப்பார்கள். 2022-இல் இப்படித் தாய்லாந்து வழியாக மியான்மரின் மியாவதிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்ட தமிழர்களை மீட்டு வந்தார்கள். டிகிரி படித்த, கணினி தெரிந்த பையன்களைத்தான் இது குறி வைக்கிறது.

தவறிப்போனால் ஒரு புகாரை ஒரே இடத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இமைக்ரேட்டில் முகவர் மேல் புகார், சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி, மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் ஒன்று. ஆள் அங்கே மாட்டியிருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' புகார்த் தளத்தில் பதிவு (சமயம் இல்லை; 'மதத்' என்றால் உதவி), அதே அமைச்சகத்தின் இலவச எண் 1800 11 3090. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் மனு போகட்டும். பணம் பேங்க் வழியாகப் போயிருந்தால் இந்த மனுக்கள் எல்லாவற்றுக்கும் கால் இருக்கும். கையில் கொடுத்திருந்தால் சாட்சிதான் தேட வேண்டும்.

கிளம்புகிற அன்று பெட்டி கட்டும் பரபரப்பில் விடுபடுவது ஒன்றுதான். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, ஒப்பந்தம் அல்லது ஐபிஏ, காப்பீட்டுச் சான்று, பணம் கட்டிய ரசீதுகள், முதலாளியின் முகவரி, கேம்ப்பில் கூட இருக்கப்போகிற ஒருவரின் எண் ஆகியவற்றுக்கு இரண்டு செட் நகல் எடுங்கள். ஒரு செட் உங்கள் பையில். மற்றது வீட்டில், ரேஷன் கார்டு வைக்கிற அதே பையில். இக்காமாவோ வொர்க் பெர்மிட்டோ கைக்கு வந்த அன்றே அதன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பி, அதையும் அந்தப் பையில் சேர்க்கச் சொல்லுங்கள்.